செலவுக் கணக்கு

'செலவு' என்னும் சொல் பழந்தமிழில் பயணத்தைக் குறித்தது. 'செல்' என்னும் வினையடியிற் பிறந்த பெயர் அது, செல்லுதலே செலவு. பொருள்தேடப் புறப்படவிருந்த தலைவன், தலைவியின் வாடிய முகம் கண்டு பயணத்தைத் தள்ளிப்போடுவதை அகத்திணை மரபு 'செலவழுங்கல்' என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. பின்னாளில் கையைவிட்டுச் செல்லும் காசுக்கே அச்சொல் உரியதாகிப் போயிற்று. 'வழிச்செலவு' என்று சொல்லும்போது மட்டும் பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே வண்டியில் அடுத்தடுத்து அமர்ந்து வருகின்றன.

நாங்கள் நால்வரும் அவ்வாறுதான் அமர்ந்து போய்வருகிறோம். குடியிருப்பு நாகர்கோவில், வேலை, வள்ளியூரை அடுத்த ஒரு கல்லூரியில். ஒழுகினசேரியைத் தாண்டி, தோவாளைச் சந்தைக்குப் பூ ஏற்றிவரும் வண்டிகளுக்கு வழிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாயையும் முப்பந்தல் காற்றாலைகளையும் கடந்து, காவல்கிணற்றில் திரும்பி, பணகுடி வழியாகச் சென்றால் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மாலையில் மறுபடியும் அதே 40. நால்வரில் ஒருவர் இயற்பியல், ஒருவர் வணிகவியல், இருவர் தமிழ். கார் வணிகவியல்காரருடையது, 2014-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். பெட்ரோல் செலவு நால்வருக்கும் சமபங்கு. ஓட்டத் தெரிந்த மூவரும் வாரத்துக்கொருவராக ஓட்டுகிறோம்.

ஓட்டத் தெரியாத நான்காமவர் கௌரவ விரிவுரையாளர். முனைவர் பட்டம் பெற்றவர். சங்க இலக்கியத்தில் எங்களுக்கு ஐயம் வந்தால் அவரிடந்தான் கேட்போம். கௌரவம் பதவியின் பெயரோடு நின்றுவிட்டது. மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 11 மாதங்களுக்கு. பெட்ரோல் விலை 2021-இல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது முதல், மாதக் கடைசியில் பங்குக் கணக்குப் பார்க்கும் வேளையில் வண்டிக்குள் ஒரு மௌனம் விழுவதுண்டு. 2023 ஜூனில் ஒருநாள் அவர், "அடுத்த மாசத்துல இருந்து நான் பஸ்லயே வந்திருதேன் சார்" என்றார். காரணம் கேட்கத் தேவை இருக்கவில்லை. உங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளலாமே மேடம் என்றோம். முகம் மாறிவிட்டது. "அப்படின்னா நாளைக்கே பஸ்தான்" என்றார்.

பேருந்தென்றால் அவர் காலை ஆறரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும்; வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். ஒருவர் பங்கை மட்டும் குறைப்பது ஆகாதென்றால் நால்வர் பங்கையும் ஒருசேரக் குறைப்பதுதான் வழி. தூரத்தைச் சுருக்க முடியாது. விலை எங்கள் கையில் இல்லை. எஞ்சியிருந்தது, ஒரு லிட்டரில் எத்தனை கிலோமீட்டர் போகிறோம் என்ற ஒன்றே. மெட்ரிக் அளவை நாட்டுக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்கு 'மைலேஜ்' என்றுதான் பெயர். துரத்தப்பட்ட மைல் இந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு இன்னும் உயிர்வாழ்கிறது.

வணிகவியல்காரர் ஒரு குறிப்பேடு தொடங்கினார். முறை எளியது. திங்கட்கிழமை காலை ஒரே பங்கில், ஒரே குழாயில், அது தானாக நின்றுவிடும் அளவுக்கு டேங்கை நிரப்பிக் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்வது. அடுத்த திங்களன்று அவ்வாறே நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பது. மூன்று வாரங்களில் மூவர் ஓட்டியதற்கு மூன்று எண்கள் கிடைத்தன: 14.6, 15.3, 17.2. அதே கார், அதே சாலை, அதே நால்வர். மாறியது ஓட்டிய கால் மட்டும். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கும் இதை ஒட்டியதுதான்: வெடுக்கென்று வேகமெடுப்பது, விரட்டுவது, சட்டென்று பிரேக் பிடிப்பது ஆகிய பழக்கங்கள் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 விழுக்காடு வரையும், நெரிசலில் 10 முதல் 40 விழுக்காடு வரையும் மைலேஜைக் குறைக்கும் என்கிறது அது. எங்களுக்கு வியப்பாயிருந்தது வேறொன்று. எங்களுள் கைதேர்ந்த ஓட்டுநர் என்று பெயரெடுத்தவரின் எண்ணே கடைசி. இரண்டு லாரிகளுக்கிடையே அவர் புகுந்து வெளிவரும் நேர்த்தியை நாங்கள் பலமுறை மெச்சியிருக்கிறோம். முதலாவதாக வந்தவரோ, மாட்டுவண்டி ஓட்டுகிறார் என்று மாணவர்களே சிரிக்குமளவுக்கு நிதானம். எந்த எண் எவருடையது என்பதை இங்கே எழுதினால் நாளை வண்டியில் இடம் கிடைக்காது.

அப்போதுதான் அண்ணாச்சி வந்துசேர்ந்தார். இயற்பியல்காரரின் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர். போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் 'கே.எம்.பி.எல்.' என்றொரு கணக்கு உண்டு. ஒவ்வொரு ஓட்டுநரும் ஒரு லிட்டர் டீசலில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்பது. பேருந்துக்கு அது ஐந்து, ஐந்தரை என்ற அளவில் நிற்கும். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்காகவே பாராட்டும் கிடைக்கும், விளக்கம் கேட்கும் கடிதமும் கிடைக்கும். பணிக்காலம் முழுவதும் அந்தக் கணக்கின் கீழே வாழ்ந்தவர் அண்ணாச்சி. வள்ளியூரில் மகள் வீடு இருந்ததால் ஒரு வாரம் எங்களோடு வந்தார். முன்னிருக்கையில், ஓட்டுபவருக்குப் பக்கத்தில்.

முதலிரண்டு நாள் அவர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தோவாளைக்கு முன்னால் கேட்டார்: "சார், அந்தா முன்னால போறான்லா பூ டெம்போக்காரன், அவன் இண்டிகேட்டர் போட்டு எவ்வளவு நேரமாச்சு?" ஓட்டியவரும் அதைப் பார்த்திருந்தார். ஆனால் கால் ஆக்ஸிலேட்டரிலேயே இருந்தது. டெம்போவை நெருங்கியபின்னரே அது பிரேக்குக்குத் தாவியது. "கண்ணு பாத்ததைக் கால் கிட்ட யாரு சொல்லுவா? பாத்த உடனே காலை எடுத்திருந்தா இந்த பிரேக்குக்கு வேலையே இல்ல. பிரேக்கைக் கண்டுபிடிச்சவன் நல்லவன்தான். அதுக்காக நிமிஷத்துக்கு ஒருதரம் அவனைக் கும்பிடணுமா?"

அன்று மதியம் ஆசிரியர் அறையில் இயற்பியல்காரர் இதற்குக் கணக்குப் போட்டார். நால்வரோடு எங்கள் கார் ஏறத்தாழ 1,250 கிலோ. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதனுள் தேங்கியிருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 1,74,000 ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 3.2 கோடி ஜூல் உண்டென்றாலும் அதில் கால் பங்கு சக்கரத்தை வந்தடைந்தால் பெரிது. மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. வகுத்துப் பார்த்தால், நின்ற காரை 60-க்குக் கொண்டுவர 20 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். பிள்ளைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் ஒரு பாலாடை பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு ரூபாய். பிரேக் பிடித்து நிறுத்தும்போது அந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கைச் சூடாக்கிக் காற்றில் கலந்துவிடுகிறது. வேகம் 80 என்றால் ஏறக்குறைய நாலு ரூபாய், ஏனெனில் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது.

இந்தக் கணக்கு எங்கள் பார்வையை மாற்றியது என்றே சொல்லவேண்டும். பெட்ரோல் எரிவது ஆக்ஸிலேட்டரில் என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் ஆக்ஸிலேட்டரில் எரிந்தது வேகமாக உருமாறி நம்மோடு கூடவே வருகிறது. அதைத் தூக்கி எறிவது பிரேக். அதனினும் நுட்பமாகச் சொன்னால், பிரேக் வெறும் ரசீதுதான். நிற்கவேண்டும் என்று தெரிந்த பிறகும் ஆக்ஸிலேட்டரில் தங்கியிருந்த அந்த நான்கைந்து நொடிகளிலேயே பணம் போய்விட்டது. குறுக்கே ஆடு ஓடிவந்தால் இரண்டு ரூபாயை நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அண்ணாச்சி தனியாகச் சொல்லிவைத்தார். அது வேறு பிரேக். பின்னிருக்கையில் இருந்த மேடம் ஒருநாள் கல்லூரி சேரும்வரை பிரேக்குகளை எண்ணினார்: 31. அவற்றுள் ஆட்டுக்காகப் பிடித்தது ஒன்று.

இங்கே பழைய நம்பிக்கை ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். நிற்கப்போகும் இடம் தெரிந்ததும், அல்லது இறக்கம் கண்டதும், வண்டியை நியூட்ரலில் தள்ளிவிட்டால் மிச்சம் என்பது நம்மூரில் அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றைய கார்களில் எரிபொருளை அளந்து செலுத்துவது கணினி. கியர் விழுந்திருக்க, ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்துவிட்டால், ஓடும் சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்ரோலைக் கணினி அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் தள்ளினாலோ எஞ்சின் அணையாமலிருக்கத் தனியாகப் பெட்ரோல் குடிக்கவேண்டும். ஆகவே வேகம் குறையவேண்டிய இடத்தில் கியரிலேயே உருண்டு போவதுதான் சிக்கனம். இறக்கத்தில் எஞ்சினையே அணைத்துவிடும் மகானுபாவர்களும் உண்டு. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணைநிற்கும் விசையும் போய்விடும். சாவியைத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். அந்த மிச்சம் எவருக்கும் வேண்டாம்.

சிறிய செய்திகளை விரைந்து சொல்லிவிடலாம். எஞ்சின் முக்காமல் தாங்கும் அளவுக்குச் சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடுவது நல்லது. காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிடவேண்டிய தேவை இன்றைய எஞ்சினுக்கு இல்லை. பத்து நொடிக்கு மேல் நிற்கப்போகிறோமென்றால் அணைத்துவிடலாம். மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் பெட்ரோல் அதனினும் குறைவு. டயரில் காற்று குறைந்தால் மைலேஜும் குறையும். மாதம் ஒருமுறை, டயர் சூடேறுமுன் பார்த்துக்கொண்டால் போதும். ஏறத்தாழ 45 கிலோ கூடுதல் சுமை ஒரு விழுக்காட்டைத் தின்னும் என்பது படித்தபின் எங்கள் டிக்கியைத் திறந்து பார்த்தோம். விற்காமல் கிடந்த கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதிகள் மூன்று பெட்டி இருந்தன. மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார்; கருத்தரங்கக் கட்டுரைகள் பீலியைவிடக் கனமானவை, எடையில்.

வேகத்தைப் பற்றி அரசாங்கங்களே கவலைப்பட்டதுண்டு. 1973 அக்டோபர்ப் போரை ஒட்டி அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, அமெரிக்காவில் அதிபர் நிக்சன் 1974 ஜனவரியில் நாடு முழுமைக்கும் மணிக்கு 55 மைல் என்னும் வேக வரம்பைச் சட்டமாக்கினார். 1995 வரை அது நீடித்தது. இந்தியாவில் 1978-இல் தொடங்கப்பெற்ற பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் என்று அறிவுரை சொல்கிறது. நான்குவழிச் சாலையில் 50-இல் போனால் பின்னால் வரும் ஆம்னி பேருந்து நம் பரம்பரையையே விசாரிக்கும். நாங்கள் 70 என்று வைத்துக்கொண்டோம். 70-இலிருந்து 90-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு மட்டும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. கிடைப்பது என்ன? எங்கள் வழியில் தடையின்றி ஓட்டக்கூடியது 25 கிலோமீட்டர். அதில் 90-இல் போனால் மிச்சம் ஐந்து நிமிடம்கூட இல்லை. அந்த ஐந்து நிமிடத்தையும் கல்லூரி வாசலில் தேநீர்க் கடையில் நின்று கரைப்போம்.

அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகிறார். வினைமுடித்து விரைந்து வருபவன், கார்காலம் வந்துவிட்டது, அவள் காத்திருக்கிறாள். அப்படியிருந்தும், சோலையில் துணையோடிருக்கும் வண்டுகள் ஒலி கேட்டுக் கலங்கிவிடக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வகுப்பில் இதை ஆண்டுதோறும் நடத்துகிறோம். காவல்கிணறு சந்திப்பில் நமக்குப் பின்னால் நின்று ஹாரனை விடாமல் அழுத்துபவருக்கு எந்தத் தலைவி காத்திருக்கிறாளோ தெரியாது. அவருடைய எஞ்சின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருப்பது மட்டும் கேட்கும்.

எங்கள் சாலைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கப்பட்டு வேகம்கொண்டு கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். காலையில் வள்ளியூர் நோக்கிப் போகும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளும். மாலையில் நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நாம் போவது 70, காற்றின் வேகம் 30 என்று கொள்வோம். காலையில் கார் எதிர்கொள்ளும் காற்று 40 கிலோமீட்டர் வேகத்தது. எதிர்ப்பு, காற்றில்லாத நாளில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மாலையில் அது 100. எதிர்ப்பு இரண்டு மடங்காகும். கூட்டிப் பார்த்தால் காலையில் கொடுத்ததை மாலையில் வட்டியோடு வாங்கிக்கொள்கிறது காற்று. ஆடி மாதத்தில் எங்கள் எண்கள் ஏன் சரிந்தன என்று குழம்பியிருந்தபோது மேடம்தான் குறிப்பேட்டின் ஓரத்தில் 'காற்று' என்று எழுதி அடிக்கோடிட்டவர். அதன்பின் காற்றுக்கால மாலைகளில் காவல்கிணறு முதல் ஆரல்வாய்மொழி வரை 55-க்கு மேல் போவதில்லை. இருமருங்கும் சுழலும் இறகுகளை நிதானமாகப் பார்த்துக்கொண்டு வரலாம்; எங்கள் பெட்ரோலைத் தின்னும் அதே காற்றுதான் அங்கே மின்சாரமாகிக்கொண்டிருக்கிறது. மேற்கே மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில் ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிறார்கள். புறப்படும் ராக்கெட்டின் எடையில் பெரும்பகுதி எரிபொருளே என்று இயற்பியல்காரர் சொல்ல, நல்லவேளை அதைப் பங்குபோட்டு ஏற்பாடு செய்யும் பொறுப்பு நமக்கில்லை என்றார் வணிகவியல்காரர்.

2024 மார்ச்சுக்குள் மூவருடைய எண்களும் நெருங்கி வந்துவிட்டன, சராசரி 18.8. தொடக்கத்தில் அது 15.7. ஒரு மாதத்தில் 22 வேலைநாள் என்று கொண்டால் ஒருவர் பங்கில் ஏறத்தாழ 460 ரூபாய் குறைந்தது. எழுதும்போது அற்பத் தொகையாகத்தான் தெரிகிறது. 25,000-இல் குடும்பம் நடத்துபவருக்கு அது அரை சிலிண்டர் கேஸ். பேருந்துப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குறிப்பேடு மட்டும் எப்படியோ அவருடைய கைப்பைக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை பங்கில் இறங்கி எண்ணைக் குறிப்பதும் வகுப்பதும் இப்போது அவர் வேலை. வாரக் கடைசியில் எங்கள் மூவருக்கும் மதிப்பெண் வாசிக்கிறார். ஒரு துறைத்தலைவருக்கு அவர் '14-க்கு மேல் தேறவில்லை' என்று சொன்ன நாளில், அவர் அவ்வாறு சிரித்து நாங்கள் பார்த்ததில்லை என்று தோன்றியது.

2025-இல் நாடெங்கும் பங்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஆற்றல் குறைவு. எங்களுடையது போன்ற பழைய கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்று நீதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. குறிப்பேட்டிலும் அந்தச் சரிவு தெரிகிறது. கால் எவ்வளவுதான் பழகினாலும் டேங்கில் இல்லாத ஆற்றலைக் கொண்டுவர முடியாதல்லவா? பதினெட்டுக்குக் கீழே இறங்கிய எண்ணை அவர் சிவப்பு மையில் எழுதி, யார் பெயரும் போடாமல் விட்டிருக்கிறார்.

மே மாதத்தில் கார் ஓடுவதில்லை. குறிப்பேட்டில் அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவருக்கு ஊதியமில்லாத மாதமும் அதுவே. ஜூனில் கல்லூரி திறக்கும்போது முப்பந்தலில் காற்றும் எழுந்துவிடும். பணி நீட்டிப்பு ஆணை சில ஆண்டுகளில் முதல் வாரத்தில் வருகிறது, சில ஆண்டுகளில் மூன்றாம் வாரத்தில். அதுவரை பின்னிருக்கையில் ஓரிடம் காலியாக, ஒரு 60 கிலோ குறைந்து, கார் சற்றே நல்ல எண்ணைக் காட்டும். அந்த வாரங்களின் எண்களை நாங்கள் குறிப்பேட்டில் ஏற்றுவதில்லை.